நாய்க்குட்டி சாவது விதியால் அல்ல

"சூடு பிடிச்சிருக்கு, தயிர்சோறு போடுங்க, சரியாப் போயிடும்." குட்டி வாந்தி எடுத்ததும் தெருவில் கிடைக்கும் முதல் வைத்தியம் இது. மறுநாள், "கண்ணு பட்டிருக்கும்." மூன்றாம் நாள் குட்டி செத்துப் போனால், "அதோட விதி அவ்வளவுதான்." இந்த மூன்று பேச்சின் மேலும் எனக்குத் தீராத கோபம்.

இப்படிச் சாகும் குட்டிகளில் பலவற்றைக் கொல்வது விதியல்ல, பார்வோ என்ற வைரஸ். ரத்தக் கழிச்சல் என்று சொல்வார்களே, அதுதான். 6 வாரம் முதல் 6 மாதம் வரையுள்ள குட்டிகளையே அதிகம் தாக்கும். முதலில் சோர்ந்து படுக்கும், சோற்றைத் தொடாது. பிறகு வாந்தி. அதன்பின் கடும் நாற்றத்தோடு ரத்தம் கலந்த கழிச்சல். உடம்பில் நீர் வற்றியும், புண்ணான குடல் வழியே கிருமிகள் ரத்தத்தில் ஏறியும் குட்டி சாகிறது. உடனே கொண்டுபோனால் மருத்துவர் நரம்பில் நீர் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, பல குட்டிகளைக் காப்பாற்றிவிடுவார். தயிர்சோறு போட்டுக் காத்திருக்கும் இரண்டு நாளில் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. மருந்துக் கடையில் மனிதருக்கான மாத்திரை வாங்கிக் கொடுப்பது இன்னும் ஆபத்து.

எல்லாக் கழிச்சலும் பார்வோ அல்ல, குடற்புழுவாலும் வரும் என்பார்கள். உண்மைதான். எது எதுவென்று சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர், எதிர்வீட்டுக்காரர் அல்ல.

"ஊசி போட்டாச்சே!" என்பவர்களிடம் என்ன ஊசி என்று கேளுங்கள். வெறிநாய்க்கடி ஊசியாக இருக்கும். லூயி பாஸ்தேர் ஒரு சிறுவனுக்கு அதை முதலில் போட்டது 1885இல் என்று பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். நாய்களைத் தாக்கும் பார்வோ கண்டறியப்பட்டதோ 1978இல். அந்த ஊசி இதைத் தடுக்காது. இதற்குரிய ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். குட்டியின் உடம்பில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஒன்றோடு நிறுத்தக் கூடாது.

செலவாகுமாம். பேரனின் பிறந்தநாளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துக் குட்டி வாங்கும்போது பார்க்காத கணக்கை ஊசிக்கு மட்டும் ஏன் பார்க்கிறோம்?

குட்டி செத்த வீட்டில் அடுத்த வாரமே இன்னொன்றைக் கொண்டுவருவது அதைவிடக் கொடுமை. இந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. தரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பேரன் அடம்பிடித்தாலும், புதுக் குட்டிக்கு ஊசிகள் முடிந்த பிறகே வீட்டுக்குள் விடுங்கள்.