தொப்பிக்குள்ள திருநீறு

போன மாதம் மகளின்ர குளிர்த்தொப்பியைத் தோய்க்க எடுத்தேன். உள்பக்கம், நெத்தி படுற இடத்தில வெள்ளையா ஒரு கறை. திருநீறு. வெள்ளிக்கிழமை காலமை அப்பம்மா பூசிவிட, பிள்ளை வாசல் தாண்டினதும் தொப்பியாலயே துடைச்சிருக்கிறா.

நான் ஒண்டும் கேக்கேல்ல. இதே வில் நகரத்தில பள்ளிக்கூடம் போற வழியில நானும் சட்டைக் கையால துடைச்ச ஆள்தான்.

அந்த நாட்களில இரவில நாங்கள் வாசிச்சுக்கொண்டிருந்தது கிரெசிடா கோவெல் எழுதின வைக்கிங் கதை. 2010இல படமா வந்ததே, எங்கட பிள்ளைகள் 'ஓனெட்சான்' எண்டு கொஞ்சுற டிராகன், அந்தக் கதைதான். படம் மட்டும் பார்த்தவை ஒருக்காப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கோ. 2003இல தொடங்கி 2015 வரை 12 பாகம். படத்தில கம்பீரமா வாற ஓனெட்சான் புத்தகத்தில சின்னஞ்சிறு வாயாடி. ஊர்த்தலைவரின்ர மகன் ஹிக்ஸ் வைக்கிங்குக்குரிய எந்த லட்சணமும் இல்லாத பெடியன். டிராகன் பிடிக்காட்டி ஊரை விட்டே துரத்துவினம். பிறந்த ஊரிலயே 'நான் இந்த ஊர்க்காரன்' எண்டு நிரூபிக்க வேண்டிய நிலை. இங்க பிறந்தும் குடியுரிமைக்கு விண்ணப்பிச்ச எங்களுக்கு இதுக்கு விளக்கம் தேவையில்லை.

7ஆவது பாகத்தில அவன்ர தலையில அடிமைக்குறி விழுந்திடும். அழியாது. அதை ஹெல்மெட்டால மறைச்சுத் திரியிறான். அந்த இடம் வந்ததும் மகள் வாசிக்கிறதை நிப்பாட்டினா. நானும் பேசாமல் இருந்தேன்.

பக்கத்தில இருந்த அப்பம்மாவுக்குக் கதையைத் தமிழில சொன்னேன். "பாவம், அவன்ர தலையெழுத்து" எண்டா. பிள்ளைக்கு அந்தச் சொல் புதுசு. மண்டையோட்டில இருக்கிற கோடுகளைப் பிரம்மா எழுதினதெண்டு சொல்லுவினம் எண்டு அப்பம்மா விளங்கப்படுத்தினா. வைக்கிங் ஆக்களின்ர பழங்கதையில அந்த வேலையை உர்த், வெர்தாண்டி, ஸ்குல்ட் எண்டு மூண்டு பெண்கள் செய்யினம், மரத்தில செதுக்கி. என்ர தொழிலில சொன்னா ரெண்டுமே ஒருக்கா எழுதினா அழிக்கேலாத மெமரி.

"அப்ப ஹிக்ஸுக்கு முடிவு எழுதியாச்சா?"

கடைசிப் பாகம் எனக்குத் தெரியும். அடிமைக்குறியை டிராகன்குறி எண்டு பேர் மாத்தி, அதோடயே அவன் அரசனாகிறான். குறி அழியேல்ல, அதின்ர அர்த்தம்தான் மாறினது. ஆனா நான் சொல்லேல்ல. இன்னும் அஞ்சு பாகம் கிடக்கு. தன்ர திருநீறை அடிமைக்குறியோட பிள்ளை சேர்த்துப் பார்த்திடுவாவோ எண்ட பயமும் இருந்தது. ரெண்டும் ஒண்டில்லை. மறைக்கிற கைதான் ஒண்டு.

அடுத்த வெள்ளி, சப்பாத்துப் போட்டுக்கொண்டே கேட்டா: "அப்பா, வகுப்பில இது என்னெண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

எனக்கும் சட்டெண்டு சொல் வரேல்ல. முப்பது வருசத்துக்கு முதல் என்னட்டயும் இந்தப் பதில் இருக்கேல்ல. வில் கத்தோலிக்க மடாதிபதிகள் ஆண்ட ஊர். சாம்பல் புதன் எண்டா எல்லாருக்கும் தெரியும். "அதுமாதிரி ஒரு சாம்பல் எண்டு சொல்லுங்கோ" எண்டேன்.

"அது வருசத்தில ஒருநாள்தானே. எங்களுக்கு ஒவ்வொரு வெள்ளியுமா?"

"ஓம்."

கொஞ்சம் யோசிச்சா. பிறகு தொப்பியைக் கையில எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தா. வெளியில நல்ல குளிர். தொப்பியைப் போடச் சொல்லிக் கூப்பிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.