மலையோட்டமும் பாதையுரிமையும்

காட்டு மலைகளில் ஓடி ஏறுதல் இக்காலத்தே பெருகிவரும் தேகப்பயிற்சிகளுள் ஒன்று. வனத்தின் அமைதியைக் குலைக்கும் வீண்செயல் என அதனை இகழ்வோர் உளர். அக்கூற்று முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. சமதரையில் ஓடுவோனுடைய கால்கள் பழக்கத்தாலேயே இயங்கும். மலைக்காட்டிலோ வேரையும் கல்லையும் ஆராய்ந்தன்றி ஓரடியும் எடுத்துவைத்தல் இயலாது. உடலும் கருத்தும் ஒருங்கே உழைக்கும் இப்பயிற்சியை இகழ்தல் தகாது. எனினும், ஒற்றையடிப் பாதை யாருக்கு உரியது என்னும் வினாவொன்று உண்டு.

ஜப்பான் தேசத்துத் தக்காவோ மலையை நோக்குவோம். டோக்கியோ மாநகரத்தின் மேற்குப் புறத்தேயுள்ள அம்மலையின் உயரம் 599 மீட்டரே. அடிவாரத்து ரயில் நிலையத்திலிருந்து ஏறவேண்டுவது ஏறத்தாழ 400 மீட்டர். சிறு மலைதான், ஆயினும் அதன் தென்சரிவில் என்றும் பசுமை மாறாத கருவாலி மரங்களும், வடசரிவில் இலையுதிர்க்கும் பீச் மரங்களும் செறிந்துள்ளன. ஏறத்தாழ 1,600 வகைத் தாவரங்கள் அங்கே வளர்கின்றன என்பர். கம்பியால் இழுக்கப்படும் ரயில் 1927ஆம் ஆண்டு முதற்கொண்டு மலையின் இடைவரை செல்கின்றமையால், முதியோரும் சிறு குழந்தைகளுங்கூடத் திரள்திரளாக வருகின்றனர். ஓடையை ஒட்டிச் செல்லும் ஆறாம் பாதையில் இருவர் எதிர்ப்படின், ஒருவர் ஒதுங்கியே நிற்றல் வேண்டும். அவ்விடத்தே பின்னிருந்து ஒருவர் விரைந்தோடி வருவாராயின், முதியவர் ஒருவர் திடுக்குற்றுத் திரும்பிக் கால் இடறுவதற்குக் கணப்பொழுது போதும். இறங்கும் ஓட்டத்தில் இவ்வபாயம் இன்னும் மிகுதி.

டோக்கியோ அரசாங்கம் 2015இல் தன் வனப்பூங்காக்களுக்கென விதிகள் வகுத்தது. நடப்போரைக் கடக்குங்கால் ஓடாது நடக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இது தம் வேகத்தைக் கெடுக்கும் எனச் சில வீரர் குறைப்படலாம். அக்குறையில் நியாயம் சிறிதும் இல்லை. செங்குத்தான ஏற்றம் வந்துற்றால், தேர்ந்த ஓட்டக்காரரும் முழங்காலில் கையூன்றி நடக்கவே செய்கின்றனர். அங்கே ஓடுவதினும் நடப்பதே மூச்சுக்குச் சிக்கனம். தம் மூச்சின்பொருட்டு நடப்பதை இழுக்கென்று கருதாதவர், பிறர் கால்களின்பொருட்டுப் பத்தடி நடப்பதை மட்டும் இழுக்கென்று கருதுவானேன்?

இவ்விதி போதும், ஓட்டத்தை அறவே விலக்குதல் வேண்டுவதில்லை. வைகறையில் தக்காவோ சிகரத்தை அடைந்து, அங்கிருந்து 855 மீட்டர் உயரமுள்ள ஜின்பா மலைவரை தொடரும் முகட்டுப் பாதையில் ஓட விரும்புவோர் தடையின்றி ஓடுக. இலையுதிர்கால விடுமுறை நாட்களில், நண்பகற் கூட்டத்தினூடே ஓடி நேரங் குறித்தலை வீரம் என யாம் கருதோம்.