டேப்பட் சத்தம் போடட்டும், விடுங்கள்

களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை, பாறசாலை, அப்புறம் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. டிஎன் 75, கேஎல் 19, கேஎல் 20 எல்லாம் ஒரே ரோட்டில்தான் ஓடுகின்றன. தமிழில் சொன்னாலும் மலையாளத்தில் சொன்னாலும் புகார் ஒன்றுதான்: டேப்பட் சத்தம்.

ஸ்குரூவைக் கொஞ்சம் இறுக்கினால் சத்தம் நின்றுவிடும், வண்டிக்காரர் சந்தோஷமாகப் போவார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம். சூடேறினால் வால்வுத் தண்டு நீளும். அதற்காக விடப்படும் இடைவெளி மயிரிழைதான். பல 100 சிசி வண்டிகளில் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கை ஒட்டி. அதையும் பிடுங்கிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கிவைப்பது தான் அமரும் வளையத்தில். உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகும். பிறகு காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஏற்றத்தில் இழுக்காது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு ஹெட்டைக் கழற்றும் செலவோடு அன்றைய கூலியும் போகும்.

இன்னொரு விஷமம்: வளையம் தேயத் தேய வால்வு உள்ளே இறங்கி, இடைவெளி தானாகவே சுருங்கும். சத்தம் குறைந்து வண்டி 'குணமாகி'விட்டதாகத் தோன்றும்.

இன்ஜின் ஆறியிருந்தால்தான் அளக்க முடியும். ராத்திரியே வண்டியை விட்டுப் போகச் சொல்லும் மெக்கானிக்கை நம்பலாம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, மேக்னட்டில் உள்ள 'டி' குறியை நேராக்கி, இரண்டு ராக்கரும் தளர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே ஃபீலர் கேஜைச் செருக வேண்டும். லேசாகப் பிடித்தபடி நழுவினால் சரி. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே திரும்பிவிடும். அதனால் மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

திருவொற்றியூரில் பிறந்த பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்குக் கேஜே வேண்டாம். வலப்பக்க மூடியைத் திறந்து இரு விரலால் புஷ்ராடைச் சுழற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அது டூ ஸ்ட்ரோக். 2009இல் வந்த கிளாசிக்கில் ஹைட்ராலிக் டேப்பட், திருக ஒன்றுமில்லை. 2020இல் வந்த மீட்டியோரில் ஸ்குரூ திரும்பி வந்துவிட்டது.