விலை போகாத பெட்டி

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருக்கிறது. மிருதங்க வித்வான் மோஹராவை முடித்துக் கோர்வைக்குள் நுழைகிறார். காபி குடிக்க எழுந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஆசாமிகூட நிமிர்ந்து உட்காருகிறார். மூன்று தடவை சுழன்று வந்து, கோர்வை எடுப்பில் ‘தொம்’ என்று இறங்கியதும் சபை முழுவதும் "ஆஹா!" என்கிறது. அந்த ‘ஆஹா’ எங்கிருந்து வந்தது? கடைசியில் விழுந்த அந்த ஒரு ‘தொம்’மிலிருந்தா? அதை மட்டும் தனியாக வாசித்துக் காட்டட்டும். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். காக்க வைத்ததில் அல்லவா இருக்கிறது சூட்சுமம்!

இதே சூட்சுமத்தை ஆதாரமாக வைத்து மேல்நாட்டில் ஒரு நடன சங்கீதம் வளர்ந்திருக்கிறது. ‘எலெக்ட்ரோ ஹவுஸ்’ என்று பெயர். அதில் எடுப்பில் வந்து விழுகிற இடத்துக்கு ‘டிராப்’ என்று பெயர். அந்த இடத்தில் கர்ஜித்துக்கொண்டு இறங்கும் மந்தர ஸ்தாயி நாதம்தான் ‘பாஸ்’.

"டமார் டுமீர் சத்தத்துக்குச் சங்கீதம் என்று பெயரா?" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியார் 1981-ல் ஒரு சின்னப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். டி.பி.303 என்று அதற்குப் பெயர். உருவாக்கியவர் தடாவோ கிகுமோட்டோ என்ற இன்ஜினீயர். வீட்டில் தனியாகக் கிதார் சாதகம் செய்கிறவருக்குத் துணையாக, பாஸ் கிதார் வாசிப்பவரின் ஸ்தானத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது உத்தேசம். ஆனால், பாவம், அந்தப் பெட்டி போட்ட சத்தத்துக்கும் கிதாருக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை! அதில் ஸ்வரங்களைப் பதிவு செய்வதோ பிரம்மப் பிரயத்தனம். 1984-ல் கம்பெனியார் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தவை பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்து இளைஞர்கள் மூவர், ‘ஃபியூச்சர்’ என்ற பெயரில் கூடி வாசிப்பவர்கள், அப்படி ஒரு பெட்டியை மலிவாக வாங்கினார்கள். புதுப் பெட்டிக்குக் காசு ஏது? அதை எப்படி வாசிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால், வாசிப்பதை விட்டுவிட்டு அதன் மேலிருந்த குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். பெட்டி முனகிற்று, சிணுங்கிற்று, அலறிற்று. அதையே ஒலிப்பதிவு செய்து, ‘மியூஸிக் பாக்ஸ்’ என்ற நடன விடுதியில் இசைத்தட்டுப் போடும் ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்களாம். அவர் விடவில்லை; அதே இரவில் மீண்டும் மீண்டும் போட்டார். நான்காம் தடவை கூட்டம் தலைகால் தெரியாமல் ஆடிற்று என்று மூவரில் ஒருவரான டி.ஜே. பியர் சொல்லியிருக்கிறார். 1987-ல் இசைத்தட்டாக வந்த ‘ஆசிட் டிராக்ஸ்’ அதுதான்.

பக்க வாத்தியமாக இருந்த பாஸ் அன்று முன்வரிசைக்கு வந்தது. 2002-ல் இத்தாலியர் பென்னி பெனாஸி ‘சாடிஸ்ஃபாக்‌ஷன்’ வெளியிட்டபோது, மேளகர்த்தாவே அதுதான் என்று ஆகிவிட்டது. இப்போது பெட்டிகூட வேண்டாம். கம்ப்யூட்டர் ஒன்று போதும். ஆனால் வேலை என்னவோ பொற்கொல்லர் வேலைதான்.

முதலில் அஸ்திவாரம். வினாடிக்கு 55 அதிர்வு உள்ள ஒரு சுத்தமான நாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காது கேட்பதைவிட நெஞ்சு அதிகம் உணரும். அதற்கு மேலே ரம்பப் பல் போன்ற வடிவமுள்ள அலைகள் இரண்டு மூன்றை, சுருதி மயிரிழை பிசகும்படி சேர்க்கிறார்கள். இரண்டு தம்பூராக்கள் துளி பேதமாய் ஒலித்தால் நாதம் அலை அலையாய் ஆடுமல்லவா? அந்த ஆட்டம் கிடைக்கிறது. பிறகு வடிகட்டி. வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று ஆரம்பித்து, மெள்ளத் திறந்து ‘ஆ’ என்று சொல்லிப் பாருங்கள். ஸ்வரம் மாறவில்லை, வாய் திறந்ததும் குரலின் உச்சப் பகுதிகள் வெளியே வருகின்றன. வடிகட்டியைத் தாளத்துக்கு ஏற்பத் திறந்து மூடினால், யந்திரம் பேசுவது போல் இருக்கிறது.

அப்புறம் அந்த நாதத்தை வேண்டுமென்றே கொஞ்சம் உடைத்துக் கரகரப்பாக்குகிறார்கள். ஏன் என்று கேளுங்கள். கையடக்கமான செல்போன் ஒலிபெருக்கியால் 55 அதிர்வை எழுப்ப முடியாது. ஆனால் கரகரப்பாக்கினால் அதன் மடங்குகளான 110, 165, 220 எல்லாம் பிறக்கின்றன. அவற்றைக் கேட்ட காது, "ஓகோ, தகப்பனார் 55-ஆகத்தான் இருக்க வேண்டும்" என்று தானே ஊகித்து, இல்லாத நாதத்தையும் கேட்டுவிடுகிறது!

இன்னொரு சங்கடம். முரசடியும் பாஸும் ஒரே கீழ்த்தளத்துக் குடித்தனக்காரர்கள். இருவரும் ஒரே சமயத்தில் வாசற்படியில் நின்றால் முட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள். அதனால் முரசு விழும் ஒவ்வொரு தடவையும் பாஸ் ஒதுங்கி, உடனே திரும்பி வரும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பாட்டு முழுவதும் மூச்சு விடுவது போல் கேட்பதற்கு இதுவே காரணம்.

சரி, டிராப்புக்கு வருவோம். நிமிஷத்துக்கு 128 தட்டு என்பது இந்தப் பாட்டுகளில் சகஜமான வேகம். நாலு தட்டு ஓர் ஆவர்த்தம் என்றால், 16 ஆவர்த்தம் சரியாக 30 வினாடி. டிராப்புக்கு முந்திய இந்த 30 வினாடியில் பாஸை அடியோடு எடுத்துவிடுவார்கள். சின்ன டிரம் இரட்டித்துக்கொண்டே போகும். சுருதி மேலே மேலே ஏறும். கடைசியில் ஒரு கணம் நிசப்தம். அதன் பிறகு பாஸ் விழும்போது, அதன் சத்தம் முன்போலவே இருந்தாலும் மலை சரிந்தது போல் தோன்றுகிறது. கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு, முன்னாலேயே பாஸை விட்டு வைத்திருப்பது. பந்திக்கு முன்பே வயிற்றை நிரப்பிவிட்டால் பாயசம் எப்படி ருசிக்கும்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் சத்தத்தை ஏற்றுவதெல்லாம் முரட்டுத்தனம் அல்ல. மெல்லிய சத்தத்தில் கீழ் நாதம் நம் காதுக்கு எட்டுவதில்லை. ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். காது போனால் திரும்பாது. சத்தத்தைக் குறைத்து வைத்தும் பாஸின் நடை புரிகிறதா? அதுதான் நல்ல பாஸ்.

கதை இன்னும் முடியவில்லை. சிகாகோ இளைஞர்களுக்கு ஐந்து வருஷம் முந்தியே, 1982-ல், பம்பாயில் ஒருவர் அதே டி.பி.303-ஐ வைத்து ஓர் இசைத்தட்டு கொடுத்திருந்தார். பெயர் சரண்ஜித் சிங். சினிமா வாத்திய கோஷ்டிகளில் வாசித்தவர். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி அந்தப் பெட்டியில் உண்டு. நம் ஜாருவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது ராகத்துக்குப் பொருந்தும் என்று அவருக்குப் பட்டது. பூபாலி, யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை, அதாவது நம் மோகனம், கல்யாணி, ஹிந்தோளம் உள்பட, ‘டிஸ்கோ’ தாளத்தில் வாசித்தார். கிராமபோன் கம்பெனியார் வெளியிட்டார்கள். வாங்குவாரில்லை. அந்தப் பெட்டியின் தலையெழுத்தே இசைத்தட்டுக்கும் வாய்த்தது.

2010-ல் ஹாலந்துக்காரர் ஒருவர் அதை மறுபடி வெளியிட்டார். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். "ஆசிட் ஹவுஸ் சங்கீதம் பிறந்தது சிகாகோவிலா, பம்பாயிலா?" என்று சர்ச்சையே கிளம்பிற்று. சரண்ஜித் சிங்குக்கு அப்போது எழுபது வயது. அதன் பிறகு ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை அவர் வாசித்தபோது, எதிரே நின்று ஆடியவர்களில் பலர் அந்த இசைத்தட்டு வந்த வருஷத்தில் பிறந்துகூட இருக்கவில்லை! 2015-ல் அவர் காலமானார்.

கம்ப்யூட்டர் முன்னால் இரவெல்லாம் கண் விழித்து, யாரும் கேட்காத பாஸைத் திருகிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "உருப்படாத வேலை" என்று சொல்லத் தோன்றும்போது நான் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்கிறேன். எலெக்ட்ரோ ஹவுஸில் காத்திருப்பது 30 வினாடி. சரண்ஜித் சிங் காத்திருந்தது 28 வருஷம். ஆனாலும் எடுப்பு தவறவில்லை. ‘தொம்’ என்று சரியான இடத்தில்தான் வந்து விழுந்தது.