பெயர் போனாலும் பாடல் இருக்கும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இருமுறை வீழ்ந்தது. 1799 செப்டம்பரில் பானர்மன் படையோடு வந்தபோது ஒருமுறை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்த ஊமைத்துரை, இடிந்துகிடந்த கோட்டையைச் சில நாள்களிலேயே மண்கொண்டு மீண்டும் எழுப்பினார். அது மே மாதம் வரை தாக்குப்பிடித்து வீழ்ந்தது. அதன்பின் கோட்டை மேட்டை உழுது ஆமணக்கு விதைத்தார்கள், ஊரின் பெயரையே ஏடுகளிலிருந்து நீக்கினார்கள் என்று இப்பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பட்டியலிலிருந்து பெயர் போயிற்று, பாடல் போகவில்லை. கட்டபொம்மு கதைப்பாடலாக அது மக்களிடையே வழங்கி, பின்னர் நா. வானமாமலையின் பதிப்பாக அச்சேறியது.

கணினி வன்தட்டைப் பற்றி எழுதவந்த இடத்தில் கோட்டை எதற்கு என்று கேட்பீர்கள். வன்தட்டில் ஒரு கோப்பை ‘அழிக்கும்’போது நடப்பதும் ஏறத்தாழ இதுதான். பொருளடக்கப் பட்டியலில் அக்கோப்புக்குரிய இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். பழைய ஃபேட் முறையில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து மட்டும் மாற்றப்படும். மீட்கும்போது அந்த ஓரெழுத்தை நாமே ஊகித்து இட வேண்டும். செல்லரித்த ஓலையின் ஓரத்தில் உதிர்ந்த எழுத்தை நிரப்பிப் பழகிய தமிழ் மாணவருக்கு இது புதிய வேலையன்று. விரைவு ஃபார்மட் என்பதும் புதுப் பொருளடக்கம் எழுதுவதே. முழு ஃபார்மட் அப்படியன்று. விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு அது தட்டு முழுவதும் பூச்சியங்களை எழுதிவிடும். எஸ்.எஸ்.டி. வகையிலும் நம்பிக்கை குறைவு. நீக்கப்பட்ட இடத்தை அது தானாகவே துடைத்துவிடக்கூடும்.

ஆகவே, தொலைந்ததாகத் தோன்றும் பெரும்பாலான கோப்புகள் தொலைந்தவையல்ல. அவற்றை உண்மையாகவே தொலைப்பது அதற்குப் பின் நாம் காட்டும் அவசரம்.

எங்கள் பகுதி ஆய்வு மாணவர் ஒருவர் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்து ஊர்களில் ஒப்பாரியும் கும்மியும் கதைப்பாடலும் பதிவுசெய்து வைத்திருந்தார். பாடியவர்களிற் சிலர் இன்று இல்லை. ஒருநாள் அந்த வன்தட்டைக் கணினியில் செருகியதும், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று திரையில் அறிவிப்பு வந்தது. பழுதுபார்க்கும் கடையிலும் அதையே சொன்னார்கள்: “ஃபார்மட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்.” தட்டு புதிதாகும் என்பது மெய்தான், ஒப்பாரி பாடிய பாட்டி எங்கிருந்து வருவாள்? நல்லவேளையாக மாணவர் மறுத்துவிட்டு, தட்டைக் கையோடு எடுத்துவந்தார்.

பிறகு செய்தது எளிய வேலை. முதலில் தட்டு முழுவதையும் அப்படியே வேறொரு தட்டுக்குப் படியெடுத்தார்கள், மூலத்தில் கைவைக்கவில்லை. (தட்டிலிருந்து ‘டக் டக்’ என்று ஒலி வந்திருந்தால் இதைக்கூட வீட்டில் செய்யலாகாது. மின்னிணைப்பை எடுத்துவிட்டுத் தட்டைத் திறந்து பார்க்க வசதியுள்ள ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும்.) பின்னர் அந்தப் படியின்மீது ஃபோட்டோரெக் என்ற கட்டணமற்ற மென்பொருளை ஓட்டினார்கள். அது பொருளடக்கத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் எப்படித் தொடங்கும் என்பதை அறிந்துவைத்துக்கொண்டு, தட்டை முதலிலிருந்து கடைசிவரை துழாவுகிறது. பாடல்கள் கிடைத்தன.

பெயர்கள் கிடைக்கவில்லை. ஊர், பாடியவர், நாள் என்று மாணவர் இட்டிருந்த தலைப்புகள் எல்லாம் போய், வெறும் எண்களாக வந்து நின்றன கோப்புகள். சிதறிக்கிடந்த கோப்புகளில் பாதிப் பாட்டுத்தான் மிஞ்சியது. ஒவ்வொன்றாகக் கேட்டு, இது யார் குரல், எந்த ஊர்ப் பேச்சு என்று அடையாளங்காண வேண்டியிருந்தது. தலைப்பேடு இல்லாத சுவடிக்கட்டை உள்ளடக்கம் கொண்டே இன்ன நூல் என்று தெளிவது பதிப்பாசிரியர்களுக்குப் பழகிய உழைப்பு, உ.வே.சா.வின் வாழ்நாளில் பெரும்பகுதி அத்தகைய உழைப்பில் கழிந்தது. கணினிக் கடையால் இதைச் செய்ய இயலாது. தமிழ்த்துறைதான் செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாடல்களின் எழுத்துப்படி அடங்கிய பழைய கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கல் தெரிந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அது ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சானது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை ஏற்றது. அதற்கு வெளியே பாமினி முதலிய எழுத்துருக்கள் தத்தம் வழியில் நடந்தன. 2010-இல்தான் அரசு ஒருங்குறிக்கு மாறியது. எந்த எழுத்துரு என்று கண்டுகொண்டால், மாற்றி நிமிடத்தில் தமிழைத் திருப்பித் தந்துவிடும். தட்டச்சகங்களில் கோப்புகளைக் குப்பை என்று நீக்கும் வழக்கம், எனக்குத் தெரிந்து, எந்தக் கிருமியையும்விட அதிகம் தின்றிருக்கிறது.

என் குறை கடைக்காரர்மீது அன்று, நம் துறைகள்மீது. ஆய்வேட்டின் மின்படியைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்தது. இன்று அவை சோத்கங்காவில் கிடைக்கின்றன. ஆய்வேட்டுக்கு ஆதாரமான களப்பதிவு? அது மாணவரின் வீட்டு அலமாரியில், ஒரே ஒரு தட்டில், பெரும்பாலும் திருமணப் புகைப்படங்களோடு கிடக்கிறது. வாய்மொழித் தேர்வில் மேற்கோள் விளக்கத்தைத் துருவித் துருவிக் கேட்கும் நாம், “ஒலிப்பதிவு எங்கே? எத்தனை படி?” என்று கேட்பதில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் திரட்டி அகராதியாக அச்சேற்றியதால் அவை நூலகந்தோறும் பரவின. குரல்களுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் இல்லை.

ஆய்வேடு ஏற்கப்படுமுன் பதிவுகளின் இரண்டு படிகள், ஒன்று துறையிலும் ஒன்று வேறு ஊரிலுமாக ஒப்படைக்கப்பட வேண்டும். கூடவே ஒரு சாதாரணக் குறிப்பேடு, கையெழுத்தில்: கோப்பின் எண், பாடியவர், ஊர், நாள், முதலடி. அக்குறிப்பேடு மட்டும் இருந்திருந்தால், அந்த மாணவர் ஆறு மாதம் காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேர்ந்திராது. இன்னும் சில பதிவுகளில் பாடியவர் யார் என்று தெரியவில்லை. அவற்றைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, ஞாயிறுதோறும் அந்த ஊர்களுக்குப் போய்த் திண்ணையில் இருக்கும் கிழவிகளிடம் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்.