மூன்று மண்டபமும் ஒரு பாயும்

பந்தியில் எத்தனை பதார்த்தம் படைத்தாலும் உண்பவனுக்கு வயிறு ஒன்றுதான். இந்த எளிய உண்மையை, அறுபது வயது கடந்தபின், சென்னை நகரத்தில் ஒரு மார்கழி நாளில்தான் நான் செவ்வையாக உணர்ந்துகொண்டேன்.

நாங்கள் மூவர். முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவர் 1990ஆம் ஆண்டு படகேறி இராமேசுவரம் சென்று, பின்னர் சென்னையிலேயே தங்கிவிட்டார். மற்றவர் கனடாவிற் குடியேறினார். நானோ பல இடங்களுக்கு இடம்பெயர்ந்து அலைந்து, முடிவில் ஊருக்கே திரும்பியவன். பல்லாண்டுகளின் பின் மூவரும் கூடியிருக்க வாய்த்தது ஒரேயொரு நாள். அதனை இசை விழாவிற் கழிப்பதென்று முடிவாயிற்று.

அவ்விழாவைப் பற்றி மாணவ வாசகர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். 1927ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஓர் இசை மாநாடு நடைபெற்றது. அதன் பயனாக மறு ஆண்டில் சங்கீத வித்வத் சபை தோன்றியது. மேடையிலே தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டுமென்று எழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. இன்றோ மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பிற இடங்களிலும் பல சபாக்கள் ஒரே காலத்தில் விழா எடுக்கின்றன. காலையில் விளக்கவுரைகள், நண்பகலில் இளங்கலைஞர் கச்சேரிகள், பெரும்பாலும் கட்டணமின்றி, மாலையில் புகழ்பெற்றோர் கச்சேரிகள், கட்டணத்துடன். 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இசைக்குரிய ஆக்க நகரங்களின் வரிசையிற் சென்னையையும் சேர்த்துக்கொண்டது.

கனடா நண்பர் முதல் நாளிரவே பத்திரிகையைப் பார்த்து அட்டவணை ஒன்று தயாரித்திருந்தார். ஒரே நாளில் ஆறு இடங்கள்! காலையில் முதலாவது மண்டபத்தில் ஒரு முதிய வித்துவான் ஓர் இராகத்தின் நுட்பத்தை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் சுவைபடத் தொடங்கிய வேளையில், "நேரமாகுது, எழும்பு மச்சான்" என்ற குரல் கேட்டது. எழுந்தோம். வாகன நெரிசலில் ஓட்டோ ஊர்ந்தது. இரண்டாவது மண்டபத்தில் வர்ணம் கேட்டோம். பாடகர் ஆலாபனை தொடங்கியதும் மீண்டும் வெளியேறினோம். சிற்றுண்டிச்சாலையில் இலையின்முன் அமர்ந்தபோதும் பேச்செல்லாம் அடுத்த கச்சேரியைப் பற்றியே. சென்னை நண்பர் மட்டும் என்னிடம் ஏதோ கேட்க வாயெடுப்பதும், பின் அடங்குவதுமாக இருந்தார்.

மூன்றாவது மண்டபம் சிறியது. மேடையிலே இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கேட்போர் எங்களையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருப்பர். கால்மணி நேரத்தில் கனடா நண்பர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். சென்னை நண்பர் அவருடைய கையைப் பிடித்து இருத்தினார்.

"மூண்டு பேரும் எழும்பிப் போனால் அந்தப் பிள்ளை ஆருக்குப் பாடுறது?"

அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை. இருந்தோம். அவள் ஓர் இராகத்தை மெல்லத் தொட்டு, வளர்த்து, கீர்த்தனையைப் பாடி, நிரவலும் சுரமும் செய்து, மங்களம் பாடும்வரை இருந்தோம். ஓரிரண்டு இடங்களிற் குரல் தடுமாறிற்று. ஆயினும் அன்று நாங்கள் முழுமையாகக் கேட்டது அவள் பாட்டொன்றையே. கடைசியில் அவள் எங்கள் பக்கம் நோக்கிக் கைகூப்பினாள்.

வெளியே படிக்கட்டில் அமர்ந்தபோதுதான் சென்னை நண்பர் கேட்டார்: "அம்மா கடைசியில் என்னைக் கேட்டவவோ?"

அவர் தாயார் முள்ளியவளையிலேயே கண்மூடினார். மகன் வர இயலாத காலம் அது. அருகில் இருந்தவன் நான். காலையிலிருந்து அவர் கேட்கக் காத்திருந்த கேள்வி அது. நாங்களோ மண்டபம் மண்டபமாக ஓடிக்கொண்டிருந்தோம். "கேட்டவ, ஒவ்வொரு நாளும் கேட்டவ" என்றேன். பின் அறிந்ததையெல்லாம் சொன்னேன். பொழுது சாய்ந்தது. மாலைக் கச்சேரிக்கு வாங்கிய சீட்டுகள் சட்டைப்பையிலேயே கிடந்தன. அவற்றைப்பற்றிக் கனடா நண்பரும் வாய்திறக்கவில்லை.

அந்தத் தாயார்தாம் சிறுவயதில் எங்கள் மூவரையும் கோவலன் கூத்துக்கு அழைத்துச் செல்வார். ஒரே பாயை விரிப்பார். விடியும்வரை அப்பாயிலிருந்து ஒருவரும் எழுவதில்லை. உறங்கினாலும் அதிலேயே உறங்குவோம். எங்கள் ஊர்த் திருவிழாவும் பல இடங்களில் நிகழ்வதே. சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்நீரில் விளக்கேற்றி, பின் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் செல்வர். இடங்கள் மூன்றாயினும் விழா ஒன்று. அடியாரும் அதனோடு கூடவே நடப்பர். நகரத்திலோ பல கதவுகள் ஒரே வேளையில் திறந்திருக்கின்றன. அது குறையன்று, பெரும் செல்வமே. எந்தக் கதவின் உட்சென்று அமர்வது என்பதை நாமே தீர்மானிக்கவேண்டும், அவ்வளவுதான்.

மார்கழியிற் சென்னைக்குச் செல்லும் பிள்ளைகளே, நாளொன்றுக்கு ஒரு கச்சேரி போதும். மங்களம் வரை இருங்கள். உடன்வந்த நண்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தால், அட்டவணையை மடித்து வைத்துவிட்டு அதனையும் கேளுங்கள்.