தானே சார்ஜ் ஏறும் மோட்டாரா? பணத்தைக் கட்டி ஏமாறாதீங்க!

சதுரங்கப்பட்டினம்:

"வண்டி ஓட ஓட பேட்டரி தானா சார்ஜ் ஆகும். கரண்டு பில்லே கிடையாது. ஆயுசுக்கும் ஓசி!"

இந்தப் பேச்சு டீக்கடையிலும் கேட்கிறது. பஸ்சிலும் கேட்கிறது. செல்போனைத் திறந்தால் வீடியோவாகவும் வருகிறது.

பேட்டரி ஒரு மோட்டாரை ஓட்டுமாம். மோட்டார் ஒரு டைனமோவைச் சுற்றுமாம். டைனமோ திரும்பவும் அதே பேட்டரியை சார்ஜ் செய்யுமாம். நடுவில் வண்டியும் ஓடுமாம், வீட்டு விளக்கும் எரியுமாம்!

கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் நடக்காது. எவ்வளவு பெரிய கெட்டிக்காரர் செய்தாலும் நடக்காது.

வெறும் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. "அட்வான்ஸ் கட்டுங்க, ஏஜென்சி எடுங்க" என்று யாராவது வந்து நின்றால், போவது கடைக்காரரின் முதல், குமாஸ்தாவின் சேமிப்பு. அதனால்தான் விஷயத்தைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

மூன்று இடத்தில் கமிஷன்

கையில் 100 ரூபாய் இருக்கிறது. அதை மூன்று கடையில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் கமிஷன் பிடிப்பார். கடைசியில் 100 ரூபாய் முழுசாகத் திரும்பி வருமா?

அதே கதைதான் இங்கேயும்.

பேட்டரியில் இருந்து 100 பங்கு மின்சாரம் கிளம்புகிறது என்று வையுங்கள். மோட்டார் 15 பங்கைத் தின்றுவிட்டு 85 பங்கைச் சுழற்சியாகக் கொடுக்கிறது. டைனமோ தன் பங்குக்குக் கழித்துக் கொண்டு 72 கொடுக்கிறது. பேட்டரியில் அதை ஏற்றி இறக்கும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. மிஞ்சுவது சுமார் 58!

அந்த 58 இன்னொரு சுற்று சுற்றினால் 34 கூடத் தேறாது. மூன்றாவது சுற்றில் 20-க்கும் கீழே. கதை முடிந்தது.

இதில் வண்டி ஓடிய செலவு சேரவில்லை. விளக்கு எரிந்த செலவும் சேரவில்லை. சும்மா சுற்றியதற்கே இந்த நஷ்டம்.

போன மின்சாரம் எங்கே போயிற்று? ஓடிய மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். சுடும். அதுதான் கமிஷன். உராய்வு, சூடு, சத்தம் என்று போனது போனதுதான்.

"நல்ல மோட்டார், நல்ல டைனமோ போட்டா?" என்று கேட்கலாம். கமிஷன் குறையும், அவ்வளவுதான். ஒரு காசு கூட கமிஷனே இல்லாமல் செய்தாலும் 100 போட்டால் 100 வரும். 101 வராது. வண்டி ஓட்ட அந்த 101-வது பங்குதானே வேண்டும்?

சைக்கிள் டைனமோ சொல்லும் பாடம்

"டைனமோ சும்மாதானே சுத்துது? அதுக்கு என்ன செலவு?" இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஏமாறும் இடமும் இதுதான்.

டைனமோ வைத்த பழைய சைக்கிளை ஓட்டியவர்களுக்கு விடை தெரியும். டைனமோவை டயர் மேல் சாய்த்ததும் பெடல் கனக்கும். சின்ன விளக்கு ஒன்று எரிவதற்கே கால் கூடுதலாக உழைக்க வேண்டும். டைனமோவில் இருந்து எவ்வளவு அதிகமாக மின்சாரம் எடுக்கிறோமோ, அவ்வளவு அதிகமாக அது முரண்டு பிடிக்கும்.

பேட்டரி வண்டியின் சக்கரத்தில் டைனமோ கட்டினாலும் இதே கதி. டைனமோ இழுக்கும் பாரத்தை மோட்டார்தான் சுமக்க வேண்டும். மோட்டாருக்கு அந்த பலம் பேட்டரியில் இருந்துதான் வர வேண்டும். டைனமோ இல்லாமல் 60 கிலோமீட்டர் போகும் வண்டி, டைனமோ கட்டினால் அதை விடக் குறைவாகத்தான் போகும்!

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

"கார்ல மட்டும் ஆகுதே சார்?"

பெட்ரோல் காரில் பேட்டரி தானாக சார்ஜ் ஆகிறது. உண்மை. ஆனால் அங்கே செலவைக் கொடுப்பது பெட்ரோல். பங்கில் பில் கட்டுவது காரின் சொந்தக்காரர்.

மின்சார வண்டியில் பிரேக் போட்டால் கொஞ்சம் சார்ஜ் ஏறுகிறது. அதுவும் உண்மை. சென்னை மெட்ரோ ரயிலிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வேகம் எடுக்கச் செலவழித்த சக்தியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுத்தால் கொஞ்சம் பணம் வருமே, அது மாதிரி. லாபம் இல்லை, நஷ்டம் குறைகிறது.

2025 ஜூன் 30-ந்தேதி சென்னை வியாசர்பாடி டெப்போவில் இருந்து 120 மின்சார பஸ்கள் விடப்பட்டன. அவற்றுக்கும் டெப்போவில் சார்ஜ் ஏற்றத்தான் வேண்டும். ஓடியே சார்ஜ் ஏறுமானால் அரசாங்கம் ஏன் சார்ஜ் போடும் இடம் கட்டுகிறது?

கடம்பாறையில் நடப்பது என்ன?

கோவை மாவட்டத்தில் கடம்பாறை நீர்மின் நிலையம் இருக்கிறது. 400 மெகாவாட். 1987-ல் தொடங்கி ஒவ்வொரு எந்திரமாக ஓட ஆரம்பித்தது. மேலே ஒரு அணை, கீழே ஒரு அணை. மிச்ச மின்சாரம் உள்ள நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை அதிகமான நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். அதே எந்திரம்தான் மோட்டார், அதேதான் ஜெனரேட்டர்!

லாபமா? இல்லை. இந்த வகை நிலையங்களில் 4 யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய 3 யூனிட்தான் திரும்பும். பிறகு எதற்கு? தக்காளி மலிந்த அன்று வாங்கி, கிராக்கியான அன்று விற்பது போலத்தான். வாங்கி வைத்ததில் கொஞ்சம் அழுகும். ஆனாலும் அவசரத்துக்குக் கை கொடுக்கும்.

"அப்போ கல்பாக்கத்துல?"

சதுரங்கப்பட்டினத்துக்காரர்கள் இங்கே ஒரு கிடுக்கிப்பிடி போடலாம்.

டச்சுக்கோட்டைக்குப் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில் கல்பாக்கம். அங்கே 500 மெகாவாட் ஈனுலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை 2024 மார்ச் 4-ந்தேதி தொடங்கியது. எரிப்பதை விட அதிகமாக எரிபொருளை உண்டாக்குவதற்கென்றே வடிவமைத்த உலை. "அது முடியும்னா பேட்டரி மோட்டார் ஏன் முடியாது?"

நியாயமான கேள்வி. விடை அடுப்படியில் இருக்கிறது.

அடுப்பு எரிகிறது. பக்கத்தில் ஈர விறகை அடுக்கி வைக்கிறார்கள். அடுப்புச் சூட்டில் அது காய்ந்து நாளைக்கு நல்ல விறகாகிறது. இன்று எரித்ததை விட நாளைக்கு அதிக விறகு இருக்கலாம். ஆனால் ஈர விறகை அடுப்பு உண்டாக்கவில்லை. வெளியில் இருந்து கொண்டு வந்து வைத்தார்கள்!

இயற்கை யுரேனியத்தில் 1000 பங்குக்கு 7 பங்குதான் சுலபமாக எரியும் வகை. மிச்சமெல்லாம் 'ஈர விறகு'. அதைப் புளுட்டோனியமாக மாற்றுவதுதான் ஈனுலையின் வேலை. ஒன்றும் இல்லாததில் இருந்து எதுவும் வரவில்லை. பேட்டரி மோட்டாருக்குப் பக்கத்தில் அப்படி எந்த விறகும் இல்லை.

பழைய ஆசை

இந்த ஆசை புதிதல்ல. 12-ம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியாரே பாதரசம் அடைத்து, தானே சுற்றும் சக்கரம் பற்றி எழுதி வைத்தார். இப்படிப்பட்ட எந்திரங்களை இனி பரிசீலிப்பதே இல்லை என்று பாரீஸ் விஞ்ஞானக் கழகம் 1775-ல் கதவைச் சாத்தியது. சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, உருமாற்றத்தான் முடியும் என்பதை 1840-களில் மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் நிலைநாட்டினார்கள்.

இந்தியாவின் 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டமும் 3-வது பிரிவில் சொல்கிறது: இயற்கை விதிக்கு வெளிப்படையாக விரோதமான எதுவும் கண்டுபிடிப்பு ஆகாது. "பேட்டண்ட் வாங்கப் போறோம்" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

என்ன செய்யலாம்?

பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஒரு பையன் 'தானே சார்ஜ் ஆகும் சைக்கிள்' கொண்டு வந்தால் கேலி செய்ய வேண்டாம். கையில் ஒரு மீட்டரைக் கொடுத்து "போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு? அளந்து எழுது" என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். நஷ்டத்தைச் சரியாக அளந்தவனுக்கே முதல் பரிசு கொடுக்கலாம். அளக்காமல் போட்டோ போட்டுப் பாராட்டும் பத்திரிகைகளும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

விற்க வருகிறவரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: "வெளியில இருந்து இதுக்கு சக்தி எங்கேருந்து வருது?"

"சூரிய ஒளி" என்றால் சரி. "காற்று" என்றால் சரி. "வீட்டு பிளக்கு" என்றாலும் சரி.

"எங்கேருந்தும் இல்லே, தானாவே வருது" என்றால், பர்சை உள்ளே வையுங்கள்!